அக்கா மகளுக்கு மூளைத்தண்டில் கட்டி. பாலியேட்டிவ் டீமை (வலி, தொந்தரவுகளைத் தணிக்கும் மருத்துவக் குழு) பார்க்கச் சொல்கிறார்கள், போகலாமா?

பொருநை_மணி | மார்ச் 4, இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்கிறவன். எழுதுறது இதுதான் முதல் தடவை.

என் அக்கா மகளுக்கு எட்டு வயசு, மூணாங்கிளாஸ். தீபாவளி கழிஞ்சு ஒரு கண்ணு உள்பக்கமா திரும்ப ஆரம்பிச்சுது. கண்ணாடி போட்டா சரியாயிரும்னு நெனச்சோம். அப்புறம் நடையில தள்ளாட்டம், பேச்சுல ஒரு குழறல். ஸ்கேன் எடுத்ததுல டி.ஐ.பி.ஜி.ன்னு சொல்லிட்டாங்க. மூளைத்தண்டுக்குள்ள நரம்போட நரம்பா பின்னிக் கிடக்குற கட்டி, கத்தி வைக்கவே முடியாத இடம்னாங்க. சென்னையில ஆறு வாரம் ரேடியேஷன் முடிச்சு இப்ப திருநெல்வேலிக்கு வந்தாச்சு. பிள்ளை நல்லா நடக்கா, ஓடுதா. ஸ்டீராய்டு மாத்திரையால மூஞ்சி உப்பிப்போச்சு, நடுராத்திரி எழுந்து பரோட்டா கேக்குதா. பாக்குறவங்க எல்லாம் குணமாயிட்டுன்னுதான் சொல்லுதாங்க.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டர் அத்தானைத் தனியா கூப்பிட்டு, "இந்த முன்னேற்றம் சில மாசம்தான் நிக்கும், கட்டி திரும்ப வளரும், இப்பவே உங்க ஊர்ல பாலியேட்டிவ் டீமோட தொடர்புல இருங்க"ன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருக்கார். அத்தான் அதைச் சட்டைப் பையிலயே வச்சிட்டுத் திரியுதார். என்கிட்ட மட்டும்தான் காட்டினார். அக்காவுக்குத் தெரியாது. எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா வீடே ரெண்டாயிரும்.

நல்லா ஓடியாடுற பிள்ளையை எதுக்கு அந்த டீம்கிட்ட காட்டணும்? போனா இனிமே வேற வைத்தியமே கிடையாதுன்னு எழுதி வாங்கிருவாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கேள்விக்குறி | மார்ச் 4, இரவு 11.58

மணி சார், வருத்தப்படாதீங்க, நேரடியா சொல்றேன். பாலியேட்டிவ்ங்கிறது படுக்கையைக் காலி பண்ணுங்கன்னு மரியாதையா சொல்ற முறை. எங்க பெரியப்பாவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில கடைசி வாரத்துல அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. செகண்ட் ஒப்பீனியன் வாங்குங்க. அமெரிக்காவுல புது மருந்து டிரையல் எல்லாம் நடக்குது. பணம் திரட்ட இணையத்துல எத்தனையோ வழி இருக்கு. எட்டு வயசுக் குழந்தைக்கு நாள் குறிக்க இவங்க யாரு?

மாலதி_சிஸ்டர் | மார்ச் 5, காலை 6.10

மணி தம்பி, நான் வீடுவீடா போற பாலியேட்டிவ் நர்ஸ். மாவட்டம் வேற, வேலை ஒண்ணுதான். டூட்டிக்குக் கிளம்பற நேரம், அதனால முக்கியமானதை மட்டும் முதல்ல சொல்லிடறேன்.

யாரும் எதையும் எழுதி வாங்க மாட்டாங்க. ரேடியேஷன் டாக்டர், கேன்சர் டாக்டர் எல்லார்கிட்டயும் நீங்க போறது போறதுதான். அதுகூட இன்னொரு டீம் சேருது, அவ்வளவுதான். குழந்தைகள் விஷயத்துல உலக சுகாதார நிறுவனமே நோய் கண்டுபிடிச்ச அன்னையிலிருந்து இது தொடங்கணும், நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காட்டியும் தொடரணும்னுதான் சொல்லுது. கேள்விக்குறி சாரோட பெரியப்பாவுக்குக் கடைசி வாரத்துல சீட்டு குடுத்தாங்களே, கொடுமை அதுதான். அந்த நேரத்துல நாங்க போய் நின்னா எங்களை எமனோட ஏஜென்ட் மாதிரிதான் பாப்பாங்க. பேரு தெரியாது, முகம் தெரியாது, வலி மட்டும் உச்சத்துல இருக்கும்.

உங்க டாக்டர் பிள்ளை ஓடியாடும்போதே அனுப்பியிருக்கார். நல்ல டாக்டர். இப்பப் போனா அந்த நர்ஸ் பிள்ளையோட உக்காந்து பல்லாங்குழி ஆடிட்டு வரலாம். நாளைக்கு ஒரு ராத்திரி வாந்தி நிக்கலைன்னா, போன்ல கேட்ட குரல் தெரிஞ்ச குரலா இருக்கும்.

எங்க போறதுன்னா, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலயோ மெடிக்கல் காலேஜ்லயோ பாலியேட்டிவ் பிரிவு எங்கன்னு கேளுங்க. அப்புறம் உங்க வட்டார ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வர்றதுதான் எல்லாருக்கும் தெரியும். அதே திட்டத்துல பாலியேட்டிவ் நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வர ஏற்பாடு இருக்கு, காசு கிடையாது. ஆனா உண்மையைச் சொல்லணும்ல, எங்கள்ல பாதிப் பேர் பெரியவங்களையே பாத்துப் பழகினவங்க. குழந்தைன்னா கை நடுங்கும். நீங்க நெல்லையில இருக்கறதால திருவனந்தபுரம் பக்கம். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-ல தொடங்கின பாலியம் இந்தியாங்கிற பாலியேட்டிவ் தொண்டு நிறுவனம் அங்கதான் இருக்கு. உங்க ஊர் நர்ஸுக்குச் சந்தேகம்னா அவங்ககிட்ட கேட்டுச் செய்யலாம். நீங்களே தூக்கிட்டு ஓட வேண்டியதில்ல.

செல்வம்_கரூர் | மார்ச் 5, காலை 9.32

என் பையனுக்கு டுஷென் தசைச்சிதைவு. பத்து வயசுல வீல்சேர். இப்போ காலேஜ் ரெண்டாம் வருஷம். பாலியேட்டிவ் டீம் எங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சு வருஷக்கணக்கா ஆச்சு.

அவங்க வந்து என்ன பண்ணாங்கன்னு கேட்டா பெருசா சொல்ல ஒண்ணும் இருக்காது. படுக்கைப்புண் வராம எப்படித் திருப்பிப் படுக்க வைக்கறதுன்னு என் மனைவிக்குக் கத்துக் குடுத்தாங்க. ராத்திரி மூச்சு மெஷின் மாட்டினா அவனுக்குப் பயம். மாஸ்க்கை ஒரு வாரம் பகல்ல டிவி பாக்கும்போது மட்டும் மாட்டிப் பழக்குங்கன்னாங்க, பழகிட்டான். மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு எந்த ஆபீஸ்ல எந்த ஃபார்ம்னு சொன்னதும் அவங்கதான். என் மனைவி முதுகு வலிக்கு மருந்து வாங்கினதும் அவங்ககிட்டதான்!

இங்க பல பேர் இது கேன்சருக்கு மட்டும்னு நினைக்கறாங்க. தசைநோய், மூளை வாதம், பிறவி இதயக்கோளாறு, சிறுநீரகம் கெட்ட பிள்ளைங்க எல்லாரும் இதுல உண்டு. பாதிப் பிள்ளைங்க பல வருஷம் இருப்பாங்க. அந்த வருஷங்களை யார் பாத்துக்கறது?

மணி, உங்க அத்தானை என்கிட்ட பேசச் சொல்லுங்க. அப்பாக்கள் இதைப் பத்தி யார்கிட்டயும் பேசறதில்ல.

குட்டி_ஸ்டெத் | மார்ச் 5, மாலை 4.45

குழந்தை மருத்துவன். புற்றுநோய் நிபுணன் இல்லை, ஆனால் இந்த நோயுள்ள பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கேள்விக்குறி எழுப்பியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

செகண்ட் ஒப்பீனியன் தாராளமாக வாங்கலாம். ஸ்கேன் சிடியையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் அனுப்பினால் போதும், பிள்ளையை அலைக்கழிக்க வேண்டாம். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் முதல் சிகிச்சை ரேடியேஷன்தான். நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கரேனுக்கும் மூளைத்தண்டில் இந்த மாதிரிக் கட்டிதான். கதிர்வீச்சு கொடுத்தார்கள், கொஞ்ச நாள் நன்றாக இருந்தாள், 1962 ஜனவரியில் இறந்தாள். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் பெரும்பாலான பிள்ளைகளின் கதை அந்தப் பாதையில்தான் போகிறது: ரேடியேஷன், சில மாதம் நல்ல காலம், பிறகு திரும்ப வளர்வது. பெரும்பாலோருக்கு மொத்தமே ஓராண்டை ஒட்டித்தான். காசில்லாததால் வரும் நிலை இல்லை இது. அமெரிக்க அதிபர் மகளாக இருந்தாலும் இதேதான்.

புது மருந்து என்று சொன்னது டார்டாவிப்ரோனாக இருக்கலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. எச்3 கே27எம் என்ற மரபணு மாற்றம் உள்ள மூளை நடுக்கோட்டுக் கட்டி, சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வளர்ந்தால் கொடுக்கலாம் என்று. அனுமதிக்கு ஆதாரமாகக் காட்டிய 50 பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் அந்த 50 பேரில் டி.ஐ.பி.ஜி. நோயாளிகளைச் சேர்க்கவில்லை. இதை எந்த விளம்பரமும் சொல்லாது. உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. கேட்டுக்கொண்டே பாலியேட்டிவ் டீமையும் பாருங்கள். ஒன்று இன்னொன்றைத் தடுக்காது.

வீட்டை விற்கும் பேச்சு வந்தால் மட்டும் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். தம்பிப் பிள்ளை இருந்தால் அவனுக்கும் ஒரு வீடு வேண்டும்.

அருள்மிகு_நம்பி | மார்ச் 5, இரவு 8.03

கேரளாவுல ஒரு வைத்தியர் இருக்கார், மூளைக்கட்டிக்கே பேர்போனவர். ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டா கரைஞ்சுடும். நம்பர்: [நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர் | மார்ச் 5, இரவு 8.20

விதி 4. குணமாக்குவதாகச் சொல்லும் யாருடைய தொடர்பு எண்ணும் இந்தப் பிரிவில் கூடாது. இழை திறந்தே இருக்கும்.

மாலதி_சிஸ்டர் | மார்ச் 5, இரவு 9.40

நம்பி சார் நல்ல எண்ணத்துலதான் போட்டிருப்பார். நான் போற வீடுகள்ல பத்துல எட்டு வீட்டுல ஏதாவது ஒரு கஷாயமோ பஸ்பமோ இருக்கும். திட்ட மாட்டேன். திட்டினா ஒளிச்சு வைப்பாங்க, அது இன்னும் ஆபத்து. என்ன குடுக்கறீங்களோ அந்தப் பாட்டிலை எனக்குக் காட்டுங்கம்பேன். டெக்ஸாமெத்தசோன்ங்கிற அந்த ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தச் சொன்னா மட்டும் கேக்காதீங்க. அதைப் படிப்படியாத்தான் குறைக்கணும், சட்டுனு நிறுத்தினா உசுருக்கே ஆபத்து.

மணி தம்பி, அந்த நடுராத்திரி பரோட்டாவும் அந்த மாத்திரையாலதான். மாத்திரையைக் காலையிலயும் மத்தியானத்துக்குள்ளயும் முடிக்கற மாதிரி நேரம் மாத்த முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, தூக்கம் கொஞ்சம் திரும்பும். எரிஞ்சு விழுதா, அடிக்குதா? அதுவும் மருந்துதான். பிள்ளை மேல கோவப்படாதீங்க.

பொருநை_மணி | மார்ச் 9, இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி. அத்தான் செல்வம் அண்ணன்கிட்ட பேசினார். ஒரு மணி நேரம் மொட்டைமாடியில நின்னு பேசிட்டுக் கீழ வந்து அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார். அக்கா அழவே இல்ல. "எனக்குச் சென்னையிலயே தெரியும், உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் சும்மா இருந்தேன்"ன்னுட்டா. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைச்சிக்கிட்டு இருந்திருக்காங்க.

இப்ப பிரச்சினை வேற. நேத்து பிள்ளை என் மடியில படுத்திருந்தவ சட்டுனு, "மாமா, எனக்குத் திரும்ப அந்த மாதிரி வருமா? ஆச்சி ஏன் என்னப் பாத்தா முந்தானையை மூஞ்சில வச்சிக்கிடுதா?"ன்னு கேட்டா. நான் போன் வந்த மாதிரி எழுந்து போயிட்டேன். அவ தம்பிக்கு அஞ்சு வயசு, அவன் ஒரு மாதிரி அக்காகிட்டயே போக மாட்டேங்கான். ஒளிஞ்சிக்கிடுதான்.

எங்க அம்மா தீர்மானமாச் சொல்லிட்டாங்க, பிள்ளை காதுல அந்தப் பேச்சு விழவே கூடாதுன்னு. வாயில வந்தாலே நடந்துரும்னு நம்புதவங்க. என்ன சொல்லட்டும்?

வன்னிப்பூ | மார்ச் 10, அதிகாலை 2.30

மணி அண்ணை, நான் இங்கிலாந்தில, கடும் நோய் வந்த பிள்ளையளைத் தங்க வச்சுப் பராமரிக்கிற ஹொஸ்பிஸ் ஒண்டில தாதியா வேலை செய்யிறன். உலகத்தில முதல் சிறுவர் ஹொஸ்பிஸ் இஞ்சதான், 1982-ல ஒக்ஸ்ஃபோர்ட்டில பிரான்சிஸ் டொமினிக்கா எண்ட அருட்சகோதரி தொடங்கின ஹெலன் ஹவுஸ். மூளைக்கட்டி வந்த ஹெலன் எண்ட ஒரு சின்னப் பிள்ளையின்ர தாய் தகப்பனோட அவவுக்கு வந்த சிநேகத்திலதான் அது பிறந்தது. தாய் தகப்பன் கொஞ்சம் ஆறட்டும் எண்டு பிள்ளையை அவ தன்னட்டக் கூட்டிவந்து வச்சிருந்தவ. இண்டைக்கும் எங்கட கட்டில்களில கனக்கப் பிள்ளையள் சாக வாறேல்லை, ஒரு கிழமை தங்க வருவினம். தாய் நித்திரை கொள்ளுவா, சகோதரங்கள் தண்ணியில விளையாடுவினம்.

உங்கட தம்பிப் பிள்ளையைப் பாருங்கோ. அஞ்சு வயசில பிள்ளையள் தாங்கள் நினைச்சது, செய்தது எல்லாம் உலகத்தில நடக்கும் எண்டு நம்புவினம். அக்காவோட சண்டை பிடிச்சிருப்பான், தலையில ஒரு அடி குடுத்திருப்பான். தன்னாலதான் வந்தது எண்டு நினைச்சுக் கொண்டிருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கோ. "நீ அடிச்சதால வரேல்லை, நீ நினைச்சதால வரேல்லை, இது ஒட்டாது" எண்டு மூண்டையும் திருப்பித் திருப்பிச் சொல்லவேணும்.

இன்னொண்டு. "அக்கா நித்திரையாப் போட்டா", "சாமியிட்டப் போட்டா" எண்டு அந்த வயசுப் பிள்ளைக்கு ஒருநாளும் சொல்லாதேங்கோ. அதுக்குப் பிறகு நித்திரைக்குப் போகப் பயப்படுற பிள்ளையளைக் கண்டிருக்கிறன்.

ஊர்க்காரன் | மார்ச் 10, காலை 8.12

எட்டு வயசுக் குழந்தைகிட்ட போய் நீ சாகப்போறன்னு சொல்றதா? வெள்ளைக்காரன் சொல்லுவான். நம்ம குடும்பத்துல அப்படி வழக்கமில்ல. பாட்டியம்மா சொல்றதுதான் சரி. இருக்கற வரைக்கும் சந்தோஷமா இருக்கட்டும்.

குட்டி_ஸ்டெத் | மார்ச் 10, மதியம் 1.05

"நீ சாகப்போற" என்று சொல்லச் சொல்லி இங்கே யாரும் எழுதவில்லை.

ஒரு ஆய்வு இருக்கிறது. சுவீடனில் புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம், பிள்ளையோடு சாவைப் பற்றிப் பேசினீர்களா என்று கேட்டார்கள். 2004-ல் வெளியானது. 429 பேர் பதில் சொன்னார்கள். பேசினோம் என்ற 147 பேரில் ஒருவர்கூட ஏன் பேசினோம் என்று வருந்தவில்லை. பேசாதவர்களில் 69 பேர், அதாவது நாலில் ஒருவருக்கு மேல், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். அதுவும் பிள்ளைக்குத் தன் நிலை தெரிந்திருந்தது என்று உணர்ந்த பெற்றோருக்குத்தான் அந்த வருத்தம் கூடுதல்.

ஊர்க்காரன் | மார்ச் 10, மதியம் 1.31

சுவீடன் வேற, சுரண்டை வேற டாக்டர்.

குட்டி_ஸ்டெத் | மார்ச் 10, மதியம் 1.50

ஒப்புக்கொள்கிறேன். அங்கே அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேர்தான். இங்கே ஆச்சி, தாத்தா, மாமா, பக்கத்து வீடு வரை எல்லாரும் அந்த அறைக்குள் இருக்கிறார்கள். அதனால்தான் இங்கே ரகசியம் நிற்காது என்கிறேன். பேசாமல் இருக்கிற வசதி சுவீடனில் வேண்டுமானால் இருக்கலாம். நம் வீட்டில் ஆச்சியின் முந்தானை பேசிவிட்டது, பிள்ளையும் படித்துவிட்டாள்.

மாலதி_சிஸ்டர் | மார்ச் 10, இரவு 10.00

டாக்டர் சொன்னது சரி. ஊர்க்காரன் அண்ணன் பயமும் நியாயம்தான்.

மணி தம்பி, பிள்ளை கேட்ட கேள்வியைத் திரும்பப் படிங்க. செத்துப்போவேனான்னு அவ கேக்கல. திரும்ப வருமான்னு கேட்டா, ஆச்சி ஏன் அழறான்னு கேட்டா. அவ்வளவுக்கு மட்டும் பதில் சொன்னா போதும். முதல்ல, "ஏண்டா கேக்குற, உனக்கு என்ன தோணுது?"ன்னு கேளுங்க. பிள்ளைங்க மனசுல இருக்கற பயம் நம்ம பயமா இருக்காது. ஒரு பொண்ணு இருந்தா, வாரக்கணக்கா யார்கிட்டயும் பேசல. கேட்டுக் கேட்டு கடைசியில சொன்னா, திரும்ப அந்த ரேடியேஷன் ரூம்ல தனியாப் படுக்கணுமான்னுதான் பயமாம். அதுக்கு ஒரு வரில பதில் இருந்துது.

பொய் மட்டும் சொல்லாதீங்க. "வரலாம். வந்தா தலைவலிக்கும் வாந்திக்கும் மருந்து இருக்கு. அம்மா, அப்பா, மாமா யாராவது ஒருத்தர் எப்பவும் உன்கூட இருப்போம். ஆச்சிக்கு உன்மேல பாசம், உனக்கு முடியாமப் போனதை நெனச்சு அழறா." இதுல எது பொய்? இதைச் சொல்லவேண்டியது அம்மாவோ அப்பாவோ. அவங்களால முடியலைன்னா டீம்ல யாராவது கூட உக்காருவாங்க. நீங்க எழுந்து போனதுக்கு, "அன்னைக்கு நீ கேட்டியே, மாமாவுக்குச் சட்டுனு பதில் வரல"ன்னு நீங்களே திரும்பத் தொடங்கலாம்.

ஆச்சிகிட்ட வாதாட வேண்டாம். அவங்க கையில ஒரு வேலையைக் குடுங்க. இந்த நோய்ல பின்னாடி முழுங்கறது கஷ்டமாகும். தண்ணிதான் முதல்ல புரையேறும், கெட்டியா இருக்கறது சுலபமா இறங்கும். கூழ் எந்தப் பதத்துல இருந்தா தொண்டையில நிக்காம, புரையேறாம இறங்கும்னு கண்டுபிடிக்க ஆச்சியை விட்டா ஆள் கிடையாது. கேப்பைக் கூழ், நல்லாக் குழைஞ்ச தயிர்சோறு, மசிச்ச பழம். நிமிர்த்தி உக்கார வச்சு, தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சின்னக் கரண்டியில குடுக்கணும்.

இப்பவே செய்யவேண்டியது ஒண்ணு. பேச்சு நல்லா இருக்கும்போதே ஒரு படப்பலகை பண்ணுங்க. இந்த நோய்ல பேச்சு குறையும், ஆனா அறிவு கடைசி வரைக்கும் தெளிவா இருக்கும். எல்லாம் புரியும், சொல்ல வராது. அதுக்கு முன்னாடி பிள்ளையே உக்காந்து ஒரு அட்டையில படம் வரையட்டும்: வலிக்குது, தாகம், ஒண்ணுக்கு, திருப்பிப் போடு, லைட்டை அணை, போதும். கண்ணை ஒரு தடவை மூடினா ஆமா, ரெண்டு தடவைன்னா இல்ல. விளையாட்டாப் பழக்கிடுங்க.

கேள்விக்குறி | மார்ச் 11, காலை 7.20

சிஸ்டர், நான் முதல்ல எழுதின தொனி வேற, இப்ப ஒரு சந்தேகம்தான். மார்ஃபின் குடுத்தா மயக்கத்துலயே வச்சு சீக்கிரம் முடிச்சிடுவாங்கன்னு சொல்றாங்களே, குழந்தைக்கு அது வேணுமா?

குட்டி_ஸ்டெத் | மார்ச் 11, மாலை 5.15

இந்த நோயில் எல்லாப் பிள்ளைக்கும் மார்ஃபின் தேவைப்படாது. தலைவலிக்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டே வேலை செய்யும். தேவைப்பட்டால் தயங்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2012-ல் குழந்தைகளுக்கான வலி மருந்துக்கு இரண்டே படி வைத்தது: லேசான வலிக்கு பாராசிட்டமால் அல்லது ஐபுப்ரோஃபென், அதற்கு மேல் போனால் நேராக மார்ஃபின். நடுப்படியாக இருந்த கோடீன் என்ற வலி மருந்தைக் குழந்தைகளுக்கு எடுத்தே விட்டார்கள். ஒரு பிள்ளையின் உடம்பு அதை எப்படி மாற்றும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால்.

எடைக்கு ஏற்றபடி, குறைந்த அளவில் தொடங்கி, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை வாய்வழி கொடுத்தால் உயிரைக் குறைப்பதில்லை. முதல் சில நாள் தூக்கம் வரும், பிறகு தெளியும். மலச்சிக்கல் மட்டும் கட்டாயம் வரும், அதனால் பேதி மருந்தும் கூடவே எழுதாத மருத்துவரைச் சந்தேகப்படுங்கள். மூச்சுத் திணறலுக்கும் அதே மருந்துதான், சின்ன அளவில்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. மார்ஃபின் எடுக்கப்படும் அபினை உலகத்துக்கே விளைவித்துக் கொடுக்கிற நாடு இது. 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்ததும் மார்ஃபின் வாங்க அத்தனை லைசென்ஸ், ஒரு தாள் பிசகினாலும் பத்து வருஷம் ஜெயில் என்ற பயம். மருந்துக் கடைகள் விட்டுவிட்டன, ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதை எழுதாமலே ஓய்வு பெற்றார்கள். 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை வாங்கி வைத்துக் கொடுக்கலாம். அங்கீகாரம் வாங்காத மருத்துவமனைகள்தான் இன்னும் அதிகம். உங்கள் டீமிடம் முதல் நாளே கேளுங்கள்: உங்களிடம் வாய்வழி மார்ஃபின் இருக்கிறதா, ராத்திரி தேவைப்பட்டால் யார் தருவார்?

பொருநை_மணி | மார்ச் 22, இரவு 9.50

டீம் வந்தாங்க. ஒரு நர்ஸ், ஒரு பிசியோ. பிள்ளையோட தாயம் விளையாடித் தோத்துப் போனாங்க, நர்ஸ் வேணும்னே தோத்தாங்கன்னு பிள்ளைக்குத் தெரிஞ்சு சண்டை.

தம்பிகிட்ட கேட்டோம். வன்னிப்பூ அக்கா சொன்னது அப்படியே. பிளாஸ்டிக் மட்டையால அக்கா தலையில அடிச்சானாம், அதுக்கப்புறம்தான் கண்ணு திரும்பிச்சாம். ஆறு மாசமா அதை மனசுல வச்சிட்டு இருந்திருக்கான். பெரியவளே அவனைக் கூப்பிட்டு, "லூசு, மட்டையால கட்டி வராது, டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்"ன்னா.

அக்காதான் பிள்ளைகிட்ட பேசினா. திரும்ப வரலாம்னு சொன்னா. "அப்ப பரீட்சைக்கு முன்னாடி வருமா, பின்னாடியா?"ன்னு கேட்டிருக்கா. ஸ்கூலுக்குப் போகணுமாம். டீச்சர்கிட்ட பேசி தினமும் ரெண்டு பீரியடு மட்டும் போறா. படப்பலகையில "சும்மா தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்க"ன்னு ஒரு கட்டம் அவளாச் சேத்திருக்கா, கைக்கு மேல பெருக்கல் குறி போட்டு. அதை முதல்ல எங்க அம்மாவுக்குத்தான் காட்டினா.

அம்மா இன்னும் அந்தப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடுதாங்க. ஆனா கூழ் அவங்க கையாலதான்.

செல்வம்_கரூர் | மார்ச் 22, இரவு 10.30

தம்பி, ஸ்கூல் நல்ல முடிவு. பரீட்சை எழுதட்டும். அத்தான் வேலைக்குப் போறாரா? லீவு எல்லாத்தையும் இப்பவே எடுத்துடாம மிச்சம் வைக்கச் சொல்லுங்க.

பொருநை_மணி | ஜூலை 2, இரவு 1.10

நடை நின்னுபோச்சு. பேச்சு புரியல, பலகைதான். ரெட்டை ரெட்டையாத் தெரியுதுன்னு நர்ஸ் ஒரு கண்ணை மறைக்கச் சொன்னாங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் கண்ணை மாத்துறோம். ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், வீட்டுலதான்னு அக்காவும் அத்தானும் முடிவு பண்ணிட்டாங்க. பிள்ளையும் பலகையில வீட்டைத்தான் தொட்டா.

ரெண்டு விஷயம் யார்கிட்டயும் கேக்க முடியல. தொண்டையில சளி கட்டிக் கரகரன்னு சத்தம் வருது, பாக்க முடியல. இன்னொண்ணு, வீட்டுல நடந்தா போலீஸ் வருமா, போஸ்ட்மார்ட்டம்னு சொல்லுவாங்களா?

மாலதி_சிஸ்டர் | ஜூலை 2, காலை 5.40

போலீஸ் வராது. தெரிஞ்ச நோய், பாத்துட்டிருந்த டாக்டர் இருக்கார். வீட்டுல நடந்தா அவர் 4ஏ படிவத்துல காரணம் எழுதிக் குடுப்பார். உங்க டீம் டாக்டர் பேரையும் நம்பரையும் டிஸ்சார்ஜ் சம்மரியோட ஒரே கவர்ல போட்டு வைங்க. ராத்திரி 12 மணின்னா யாரைக் கூப்பிடணும்னு இன்னைக்கே கேட்டு அந்தக் கவர் மேல எழுதிடுங்க. 21 நாளுக்குள்ள பதிவு பண்ணினா கட்டணம் கிடையாது, கிராமம்னா வி.ஏ.ஓ., நகரம்னா மாநகராட்சி சுகாதாரப் பிரிவு. அந்த அலைச்சலை நீங்க எடுத்துக்கோங்க, அத்தானுக்கு விடாதீங்க.

சளிக்கு முதல்ல ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தலைமாடு கொஞ்சம் உயரமா. சத்தம் நமக்குத்தான் பயங்கரம், பிள்ளைக்குப் பெரும்பாலும் அவ்வளவு தொந்தரவு இருக்காது. எச்சில் ஊறுறதைக் குறைக்க மருந்து இருக்கு, இன்னைக்கே டீம்கிட்ட கேளுங்க. வாயை ஈரப் பஞ்சால துடைச்சுக்கிட்டே இருங்க. வாயால குடுக்கறதை எப்ப நிறுத்தறதுன்னு நர்ஸ் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் ஆச்சி பஞ்சால நனைச்சுக் குடுக்கலாம். வலிப்பு வந்தா அடிக்க மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரே வீட்டுல இருக்கான்னும் பாத்துக்கோங்க.

பொருநை_மணி | ஜூலை 2, காலை 6.05

ஸ்ப்ரே இருக்கு சிஸ்டர். சளி உறிஞ்சுற மெஷின் வாடகைக்கு எடுக்கவா? இங்க ராத்திரி கரண்ட் போகுது.

மாலதி_சிஸ்டர் | ஜூலை 2, காலை 6.12

உங்க டீம்கிட்டயே இரவலா இருக்கும், முதல்ல கேளுங்க. இல்லைன்னா காலால மிதிக்கற மாடல் இருக்கு, கரண்ட் வேண்டாம். எதுவானாலும் வாய்க்குள்ள முன்பக்கம் மட்டும்தான், தொண்டைக்குள்ள விடாதீங்க, விட்டா இன்னும் ஊறும். நான் டூட்டி முடிஞ்சு 4 மணிக்கு வீடியோ கால் பண்றேன். அக்காவையும் அத்தானையும் பக்கத்துல இருக்கச் சொல்லுங்க, எப்படிப் பிடிக்கறதுன்னு காட்டறேன்.